பொருளின் பெயர்

வாளையார் சாவடிப் படிவத்தில் ஒரு கட்டம்: பொருளின் பெயர்.
சீனத்து நீர்க்கடிகாரம், மாதிரி, ஒன்று
என்று எழுதினேன்.
ரெஜி குரியாக்கோஸ் பேனாவை மூடினார்.
"கடிகாரம்னா முள்ளு எவிடே?"

முள் இல்லை சார்.
தொள்ளாயிரம் வருஷத்துப் பழைய வரைபடம்,
கணபதிப் பட்டறையில் வார்த்த வெண்கலம்,
சக்கரத்தைச் சுற்றி முப்பத்தாறு அகப்பை.
ஒன்று நிரம்பி, கனம் தாங்காமல் தலைசாய
இருபத்துநான்கு நொடி.
நம் கணக்கில் ஒரு விநாழிகை.
அவர்கள் நம் வாய்பாட்டைப் பார்த்ததில்லை,
நாம் அவர்களுடையதை.
தண்ணீர் இரண்டு பேருக்கும்
ஒரே விடையைச் சொல்லியிருக்கிறது.

அது எந்தக் கட்டத்திலும் அடங்காது.
பாத்திரம் என்றால் ஒரு வரி,
இயந்திரம் என்றால் வேறு வரி,
உள்ளே பொம்மைகள் இருப்பதால்
சிலையா என்று மேலதிகாரி பார்க்க வேண்டும்.
மேலதிகாரி திங்கட்கிழமை வருவார்.
அன்று சனி.

மயில்சாமி லாரிக்கு அடியில் பாய் விரித்தார்.
முன்னால் முட்டை, சிமெண்டு, பொள்ளாச்சி வைக்கோல்,
அதற்கு முன்னால் இருட்டு.

பத்து மணிக்குக் கணவாய் வழியே மழை வந்தது.
தார்ப்பாயின் ஒரு முனை பறந்தது.
சக்கரத்தைப் பூட்டிய ஆப்பு
எட்டிமடைப் பள்ளத்திலேயே கழன்றிருக்க வேண்டும்.
டக்.
எண்ணினேன். ஒன்பது நொடி.
டக். ஏழு.
ஆறு மாதம் சொட்டுச் சொட்டாய் நான் திருத்திய நாளை
மழை மடக்மடக்கென்று குடித்தது.

மரப்பொம்மை ஒன்று கதவு திறந்து வந்து
மணியை அடித்துவிட்டுப் போனது.
முட்டை வண்டிக்காரன் திடுக்கிட்டு எழுந்து,
சாவடி திறந்தாயிற்று என்று சாவியைத் திருகினான்.
அவனைப் பார்த்து சிமெண்டு,
அதைப் பார்த்து வைக்கோல்.
எங்கே என்று தெரியாமலே
வரிசை இரண்டடி நகர்ந்தது.
அடுத்த மணிக்கு இன்னும் இரண்டடி.
மயில்சாமி பாயோடு சேர்ந்து
வண்டிக்குப் பின்னால் ஓடினார், கெட்ட வார்த்தைகளுடன்.

மூன்று மணி வாக்கில் குரியாக்கோஸ் குடையோடு வந்தார்,
பலகையில் ஏறி, சக்கரத்துக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்.
டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு பொம்மை வந்தது,
முரசு தட்டியது, போனது.
தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
"இதில் இப்போ மணி எத்ரயாயி?"
நாளை மத்தியானம், சார்.
"ஞாயிறு?"
ஞாயிறு. விடியும்வரை இப்படியே பெய்தால்
திங்கள்.

அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு குடையைச் சக்கரத்தின் மேலிருந்து
மெதுவாக விலக்கிக்கொண்டார்.