பச்சைக் கிளிப் மாட்டிய கயிறு

தாவூது பாய்,
நீங்கள் கேட்டது சுலபமான கேள்வி இல்லை.
ரங்கூனில் டீ எங்கே என்றால் எங்கேயும்.
முழங்கால் உயர நாற்காலி போட்ட நடைபாதையெல்லாம் கடைதான்.
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பினால்
பையன் ஓடி வருவான்,
அடியில் டின்பால் தேங்கிய குட்டிக் கோப்பையோடு.

கான்டன்காரர் டீ என்றால்
எனக்குத் தெரிந்தது ஒரே இடம்.
அதற்கும் பலகை கிடையாது.

மகாபந்துலா சாலையில் குவான்யின் கோயிலைக் கடந்து
ஊதுவத்தி வாசம் மூக்கைவிட்டு விலகும் வரை நடங்கள்.
தராசு பழுது பார்ப்பவருக்கும் பல்செட் வைத்தியருக்கும் நடுவே
ஒரு மாடிப்படி.
மேலேயிருந்து ஏழெட்டுக் கயிறுகள் தொங்கும்,
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று.
பச்சைக் கிளிப் மாட்டியதை இழுங்கள்.
ஒரு முறை போதும்.
இரண்டு முறை இழுப்பவன் கடன்காரன் என்பது அங்கே கணக்கு.

முத்தச் சத்தம் அங்கே செல்லாது.
செய்து பார்த்த ஒரு லாரி முதலாளி
ஒன்றரை மணி நேரம் வெறும் மேசையோடு உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரி பெயர் லோக் சியூ-லிங்.
பர்மியர் இவர்களை 'கட்டைக் கை' என்பார்கள்.
அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கிய தச்சர்கள்.
முழுக்கை போட்டு வந்த ஹொக்கியன்காரர் 'நெட்டைக் கை'.
நம்மை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்,
அதை விடுங்கள்.
தச்சர் வீட்டு நாற்காலி என்பதால் ஆடாது,
அதைச் சொல்ல வந்தேன்.

கரி அடுப்பு. கரண்ட்டை நம்பி அவள் எதுவும் செய்வதில்லை.
இலங்கைத் தூள் இரண்டு பங்கு, ஷான் மலைத் தூள் ஒன்று;
கப்பல் வராத மாதம் கணக்கு தலைகீழ்.
பாத்திரத்திலிருந்து பைக்கு, பையிலிருந்து பாத்திரத்துக்கு
ஆறு முறை, சில நாள் ஏழு.
எதை வைத்து முடிவு செய்கிறாள் என்று
பத்து வருடமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
இனிக்காத கெட்டிப்பால் கடைசியில்.
சர்க்கரை தனியாக வரும். முதல் மடக்குக்கு முன்னால் தொட வேண்டாம்,
பார்த்துக்கொண்டிருப்பாள்.
நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு,
பிறகு அதை மூடிக்கொண்டு பால்.

பன்றி கிடையாது, நீங்கள் தயங்க வேண்டாம்.
டீயும் ரொட்டியும்தான்.
ஆனால் உளுந்து விலையை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.
அந்த மாடியில் எல்லோரும் தரகர்கள்.
துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிக்கொள்வோம்,
பழைய மாதிரியே.

என் பெயர் இருளப்பன் என்று அவளுக்குத் தெரியாது.
'மாட்பே' என்பாள். உளுந்துக்கு இந்த ஊர்ப் பெயர்.
சரக்கின் பெயரால் ஆளைக் கூப்பிடுவது
சந்தையில் மரியாதைக் குறைவு இல்லை.

போன மழைக்காலம் வடிகட்டும் பை கிழிந்தது.
கடைகளில் துணி இல்லை, இருந்ததும் பாலியஸ்டர்.
என் மாதிரிப் பையைக் கவிழ்த்து
உளுந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
காடாத் துணியைக் கொடுத்தேன்.
மூன்று தண்ணீர் கொதிக்க வைத்தாள்.
நான்காவதில் தேயிலை.

முதல் கோப்பையை அவளே குடித்தாள்.
பல்செட் வைத்தியர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
ஊறப்போட்ட உளுந்து வாசம், பாய்.
விடியற்காலையில் மாவாட்டும் வீட்டுக்குள்
டீ குடித்தால் எப்படியோ அப்படி.
எனக்குப் பிடித்திருந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

'மாட்பே' என்றாள்.
கூப்பிட்டாளா,
குற்றம் சொன்னாளா,
இன்றுவரை தெரியாது.
அந்த வாரம் முழுக்க யாரிடமும் காசு வாங்கவில்லை,
என்னிடம் மட்டும் வாங்கினாள்.

இப்போது வாசம் போய்விட்டது.
பை கறுத்து, அவளுடையதாகிவிட்டது.
ஓரத்தில் ஒரு தையல் மட்டும் பிரிய ஆரம்பித்திருக்கிறது,
நேற்றுதான் கவனித்தேன்.

புறப்படும்போது மண்ணடியில்
நல்ல காடாவாக இரண்டு கஜம் எடுத்து வாருங்கள்.
கஞ்சி போடாதது.
விலையை வந்த பிறகு பேசுவோம்.