ஒரு ரூபாய் முதலில்

காலை ஐந்தே முக்காலுக்குப்
பால் வந்துவிட்டதாகச் சொல்கிறது போன்.
கதவைத் திறந்தால் இல்லை.
எதிர்வீட்டு வாசலில் இருக்கிறது.
எடுத்துக்கொள்கிறேன்.

முருகேஷ்பாளையம், மூன்றாவது மாடி.
கீழே டேங்கர் தண்ணீர் இறக்கும் சத்தம்.
அதற்கும் ஒரு ஆப் உண்டு:
எத்தனை லிட்டர், யார் பங்கு எவ்வளவு,
கட்டாதவர் பெயர் சிவப்பில்.
இந்த மாதம் நான் கறுப்பு.

செலவைப் பார்த்துக்கொள்ள இன்னொன்று.
வங்கி அனுப்பும் செய்தியை
எனக்கு முன்பே படித்துவிடும்.
அவ்வளவு நெருக்கம்.
வாடகை தெரியும், மெட்ரோ தெரியும்,
ஒரு சனிக்கிழமை ராத்திரி பிரியாணியை
'மருத்துவம்' என்று எழுதிக்கொண்டது,
கடைக்காரரின் கணக்கு
அவர் மனைவியின் மருந்துக்கடைப் பெயரில் இருந்ததால்.
நான் திருத்தவில்லை.
அன்று அது மருந்துதான்.

தெரியாததைக் கேட்கும்: இது எதற்கு?
பதில் சொல்லாவிட்டால் 'இதர'வில் போட்டுவிடும்.
மாதக் கடைசியில் வட்டத்தை வெட்டிக் காட்டும்போது
இதரதான் பெரிய துண்டு.
அறுந்த செருப்பு,
லிஃப்டில் உண்டியல் நீட்டிய ஏழாம் வகுப்புப் பையன்,
மீட்டருக்கு மேல் நாற்பது கேட்டு
நான் அழுவதைப் பார்த்து
இருபது போதும் என்ற ஆட்டோக்காரர்.

யாருக்கு அனுப்பினாலும்
முதலில் ஒரு ரூபாய் அனுப்பு என்பாள் பெனாசிர்.
சேர்ந்ததா கேள். அப்புறம் மீதி.
ஒரு எண் பிசகி
ஹாசனில் யாருக்கோ நாலாயிரம் போனபிறகு வந்த ஞானம் அது.
அந்த மனிதர் திருப்பி அனுப்பினார்,
ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டு.
ஏன் என்று கேட்குமளவுக்கு
எங்களிடம் கன்னடம் இல்லை.

நான்கு வருடம் ஒரே அடுப்பு.
சிலிண்டரை வகுத்தோம்,
வெங்காயத்தை வகுத்தோம்,
அவள் ஆம்பூரிலிருந்து கொண்டுவரும் மக்கன் பேடாவை மட்டும்
வகுக்காமல் தின்றோம்.
காலி செய்தபோது
பத்து மாத அட்வான்ஸ் அவள் கணக்குக்குத் திரும்பியது,
பெயிண்டுக்கென்று பதினெட்டாயிரம் குறைவாக.
முழுவதையும் என் பங்கில் கழித்தாள்.
சுவர் பாழானது உன்னால்தானே என்றாள்.

ஆணி அடித்தது அவள்.
மாட்டியது என் கண்ணாடி.
முகம் பார்த்தது இருவரும்.
இதை வகுக்கும் ஆப்
இந்த ஊரிலேயே யாரும் எழுதவில்லை,
தெருவுக்கு நாலு பேர் எழுதும் ஊரில்.

அவள் என்னைத் தடுத்தாள்.
நான் அவளைத் தடுத்தேன்.
பேச்சு, படம், பிறந்தநாள் எல்லாவற்றிலும்.
பணம் அனுப்பும் இடத்தில் மட்டும் மறந்துவிட்டோம்,
அங்கே யார் பேசப்போகிறார்கள் என்று.

இரண்டு வருடம் கழித்து, போன வியாழக்கிழமை,
டிரினிட்டி நிலையத்தில்
சாரல் நடைமேடைவரை வந்துகொண்டிருந்தபோது
போன் ஒருமுறை அதிர்ந்தது.
பெனாசிர் கே.
ஒரு ரூபாய்.
குறிப்பு: நம்பர் இதுதானா

அவள் பழக்கம் எனக்குத் தெரியும்.
அப்புறம் மீதி வரும்.
ஒன்பதாயிரத்தில் ஒன்று போக
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.
ஒயிட்ஃபீல்டு ரயில் ஒன்று போனது.
இன்னொன்றும்.
பேட்டரி பதினொரு சதவீதம்.
வரவில்லை.

'வருமானமா?' என்று கேட்டது
எதையும் விடாமல் படிக்கும் அந்த ஆப்.
சம்பளம், வட்டி, பரிசு, கடன் திரும்பியது
என்று கீழே இறங்கிக்கொண்டே போனேன்.
ஒன்றையும் தொடவில்லை.

ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
ஒரு ரூபாய் அனுப்பினேன்.
குறிப்பு: இதேதான். கண்ணாடி உடைந்துவிட்டது.

சேர்ந்தது என்றது வங்கி.
இது எதற்கு என்றது மற்றது.

இரு,
ரயில் வருகிறது.