இடப்பக்கம் சாய்ந்த குழி

சுங்கை காடுட்டில்
மர வாடிகளுக்குப் பின்னால் எங்கள் கொட்டகை.
தீவு முழுக்கச் சுவர்களில் பூசி முடித்த
சாய டின்கள் காலியாய் இங்கே வரும்.
இருபது லிட்டர், கம்பிக் கைப்பிடி.
உடம்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.
அடி வாங்கியதெல்லாம் மூடிதான்.

எப்படி வாங்கியது என்று
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.
விளிம்பில் நாலு கொத்து என்றால்
ஸ்குரூடிரைவர், காலை நேரத்து அவசரம்.
ஒரே ஆழக் கீறல் என்றால் ஃபோர்க்லிஃப்ட்.
நடுவில் மெல்ல மெல்ல இறங்கிய குழி என்றால்
யாரோ தினமும் அதன்மேல் உட்கார்ந்து
பொட்டலச் சோற்றைப் பிரித்திருக்கிறார்.
அதிலும் ஒரு குழி
சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
வலது இடுப்பில் வலி அவருக்கு.
இது என் ஊகம், ஆனால் தப்பாது.

முன்பு உளியும் சுத்தியலும்தான்.
ஒரு டின்னுக்கு ஆறு நிமிடம், ஒரு கெட்ட வார்த்தை.
கழலாதவை வெளியே அடுக்கடுக்காய்க் கிடக்கும்.
"நாளைக்கு, நாளைக்கு" என்பார் முதலாளி இயோ.
அந்த நாளைக்குள் தினமும் மழை பெய்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை
கொசுப் பரிசோதனைக்கு நூர்ஹயாத்தி வந்தார்.
கையில் டார்ச், சொட்டுக்குழாய், சின்னக் குப்பி.
ஷாஹீன் விடியலிலேயே கூட்டி வைத்த தரையை
அவர் பார்க்கவே இல்லை.
சாக்கடையைப் பார்த்தார். பூந்தொட்டித் தட்டைப் பார்த்தார்.
ஏணி கேட்டார்.
உச்சி அடுக்கில்
அந்தச் சோறு உண்டவரின் குழியில்
ஒரு கை அள்ளும் தண்ணீர்.
அதில் கொஞ்சம் வானம்.
வானத்தில் ஒரு போர் விமானம் கடந்து போக
அதன் குறுக்கே நெளிந்துகொண்டு
புழுக்கள்.
"ஏழு" என்றார், எழுதிக்கொண்டார்.

அபராதச் சீட்டை முதலாளி மூன்று முறை படித்தார்.
நாலாம் முறை கால்குலேட்டரோடு.

அப்படி வந்ததுதான் இந்த இயந்திரம்.
தைவானில் யாரோ ஓட்டித் தள்ளிய பழசு, பச்சைப் பூச்சு.
கையேடு முழுக்கச் சீனம்.
பழைய எழுத்து, எனக்கே புரியாது என்று
முதலாளி கையை விரித்தார்.
படங்களை வைத்துப் பழகினோம்.
டின்னை நிறுத்தினால்
மூன்று தாடைகள் இடுப்பைக் கவ்வும்.
சக்கரக் கத்தி இறங்கி
விளிம்பின் மடிப்புக்குள் ஒரே ஒரு சுற்று.
மூடி எழும்பும். காந்தம் கொண்டுபோகும்.
பதினொரு வினாடி.
பல் டாக்டர் என்று பெயர் வைத்தான் ஷாஹீன்,
கடைவாயைப் பிடித்துக்கொண்டே.

இரண்டு பொத்தான்கள், நடுவே ஒரு முழம் இடைவெளி.
இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும்.
இடக்கை எங்கே, வலக்கை எங்கே,
இரண்டும் பத்திரமா
என்று ஒவ்வொரு டின்னுக்கும் கேட்கிறது.
நாளொன்றுக்கு எண்ணூறு தடவை
என் கைகளை யாரும் விசாரித்ததில்லை.

வெட்டிய மூடிகள் இரும்புக் கடைக்கு.
கழுவிய டின்கள் புது மூடியோடு
மறுபடி சாயம் சுமக்க.
நூர்ஹயாத்தி இரண்டு முறை வந்து
ஏணி கேட்காமலே திரும்பினார்.

போன வாரம்
மழைக்கு முந்திய புழுக்கத்தில்
ஒரு டின்னைத் தாடைக்குள் வைக்கிறேன்.
டின் வேறு. மூடி வேறு.
குழி அதே குழி,
இடப்பக்கம் சாய்ந்தது, முன்னைவிட ஆழம்.

ஆள் இங்கேதான் இருக்கிறார்.
சோறு கிடைக்கிறது. இடுப்பு மோசம்.

பொத்தான்களின் மேல் இரு கைகளும் இருந்தன.
பல் டாக்டர் காத்திருந்தது.
"என்ன அண்ணே" என்றான் ஷாஹீன்,
அவனுக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களில்
இரண்டைச் செலவழித்து.
அழுத்தினேன்.

மாலையில் அந்த டின்னுக்கு மூடி எடுக்கும்போது
வழக்கமான தகட்டைத் தள்ளிவிட்டு
ரசாயனப் பீப்பாய்களுக்கு என ஒதுக்கிய
கனத்த தகட்டில் ஒன்றை எடுத்தேன்.
யாரிடம் போய்ச் சேருமோ தெரியாது.
கணக்கில் நான் அதை எழுதவில்லை.