நான்கு நாள்

சம்பளம் ஏழாம் தேதி.
கார்டுக்குக் கெடு மூன்றாம் தேதி.
இடையில் கிடந்த அந்த நான்கு நாளில்தான்
இரண்டு வருஷம் ஒழுகிப் போனது,
நண்டு வளை விட்ட வரப்பு மாதிரி.

திருத்துறைப்பூண்டி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
அடுத்தவர் சர்க்கரையைப்
புள்ளி பிசகாமல் எழுதித் தருகிறவள் நான்.
என் பில்லில் மட்டும்
‘குறைந்தபட்சத் தொகை’ தாண்டிப் படித்ததில்லை.

மோட்டார் காயில் எரிந்த வாரம் ஒன்று.
நாத்தனார் ஜமுனாவின் வளைகாப்புக்கு ஒன்று.
மூன்றாவது கார்டில்
விமான நிலைய ஓய்வறை இலவசம்.
வருஷக் கட்டணம் இரண்டாயிரம்.
நான் ஏறியதெல்லாம் மன்னார்குடி பஸ்.

ஆறு திறந்தாலும்
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர ஆடி கழிந்துவிடும்.
வட்டிக்குக் கடைமடை கிடையாது.

இரண்டை முடித்து, பிளாஸ்டர் வெட்டும் கத்தரியால்
நறுக்கிய பிறகு
நேற்று போன் செய்தேன்.
இருபது நிமிஷம் வீணை.
கெடுவைப் பன்னிரண்டுக்கு நகர்த்தச் சொன்னேன்.
நகர்த்தினான்.
“லிமிட்டை ஏத்தி விடட்டுமா மேடம்?”

“இறக்குங்க.”

மறுமுனையில் சத்தமில்லை.
அதற்கான பொத்தானைத்
தேடிக்கொண்டிருந்தான் போல.