அரைப்பேர்

பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு
நானுஓயாவிலிருந்து த்ரீவீலில் வந்து இறங்கினாள்
எடித் வாக்கர்,
மழைக்கோட்டுக்குள் கேமராவை அணைத்துக்கொண்டு.
ஊசிக்கல் தோட்டத்து ஆபீசில்
செக்ரோல் எழுதுகிறவள் நான்.
துரைமார் கல்லறைச் சாவி
என் மேசை லாச்சியில்
ஸ்டேப்ளர் ஊசிகளுக்குக் கீழே கிடக்கும்.

அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி,
முப்பத்தோரு வயதில் காய்ச்சலில் போனவர்.
தும்பால் பாசியைத் தேய்த்தோம்.
எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது பேர்.

வாக்கர் என்றால் நடப்பவர், தெரியும் என்றேன்.
இந்த மலையில் தெரியாதவர் யார்?
தொப்பியும் தடியுமாய் வீசி நடக்கிற ஒரு துரை,
சதுரப் போத்தலில்.
உள்ளே இருந்தது பங்களாவில் தீர்ந்துவிடும்.
போத்தல் மட்டும் லயத்துக்கு இறங்கும்,
மண்ணெண்ணெய்க்கு.
எங்கள் காம்பராவில் நாலு வாக்கர் இருந்தார்கள்.

மன்னாரில் இறங்கி மாத்தளை வரை
காட்டுவழி நடந்தவர்களும் வாக்கர்தானே
என்று கேட்க வாயெடுத்தேன்.

இல்லையில்லை, என்றாள் அவள்,
இது வழி நடந்தவன் பேரல்ல.
நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டு
நாள் முழுக்க மிதித்தவன்.
நின்ற இடத்திலேயே நடந்தவன்.
எண்ணெய்ப் பிசுக்குப் போக
நாள்பட்ட மூத்திரமும் ஊற்றுவார்களாம்.
வடக்கே அவன் வாக்கர்,
தெற்கே போனால் ஃபுல்லர், மேற்கே டக்கர்;
மிதிக்கிற கால் ஒன்றுதான்.
ஆலை வந்து அந்தக் கால்களை விட்டுவிட்ட பிறகும்
பேர் பிள்ளைகளோடு போயிற்று.
இன்றைக்கு அவர்கள் நாட்டில்
முதல் இருபது பேர்களுக்குள் வருமாம்.
எங்கே கல்லெறிந்தாலும் ஒரு வாக்கர் மேல் விழும்,
பல் வைத்தியர், பந்தாட்டக்காரர், வக்கீல்.

மூத்திரம் என்ற சொல்லை
எவ்வளவு லேசாகச் சொன்னாள்!

என் அப்பா மாரிக்கண்ணு
இதே தோட்டத்து டோபி.
பங்களாப் போர்வைகளைப் பீலித் தண்ணீரில் போட்டு
முழங்கால் நனைய மிதித்தவர்.
சோடாவில் வெந்த விரலிடுக்கு.
மார்கழிப் பனியில் வெடித்த குதிகால்,
அதில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிக்கொள்வார்.
அந்தப் பேர் எங்களோடு வரவில்லை,
துரத்தி வந்தது,
'டோபி மவ' என்று பள்ளிக்கூடப் பாதை நெடுக.
தலவாக்கலையில் என்னைச் சேர்த்த அன்று
தகப்பன் தொழில் என்ற கட்டத்தில்
தொழிலாளி என்று எழுதச் சொன்னார்.
எழுதிய மாஸ்டர் நிமிரவில்லை.
அப்பா கையில் சவுக்கார வாசம்.

உன் குடும்பப்பேர் என்ன என்று
நோட்டை நீட்டினாள் எடித்,
நன்றிக் கடிதம் போட வேண்டுமாம்.

குடும்பப்பேரா, துரைசாணி?
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.
சொல்லாமல் மலையை விட்டு இறங்கினால்
பேர் வெட்டு.
மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்தது என்று
விரல் மடக்கி எண்ணுவார்கள்,
சண்டைக்கு என்னிடம்தான் வருவார்கள்.
தினமும் நான் எழுதுவது அந்தப் பேர்களை,
முழுசாகவும் பாதியாகவும்.

இதையெல்லாம் இங்கிலீசில் சொல்ல வரவில்லை.
விக்னசெல்வி என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில், வாக்கர்.

அவள் நோட்டைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.
கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.
மழை பிடித்துக்கொண்டது, ரயிலுக்கும் நேரமாயிற்று.

அந்தப் பேரில் இங்கே இன்னொருவரும் இருக்கிறார்,
அவருக்குத் தபால் வந்து நூறு வருஷம் இருக்கும்.
பை என் மேசைக்குத்தான் வரும்.
பார்ப்போம்.