சிவப்புப் பெயிண்ட்

பர்கூர் தாண்டி இடப்பக்கம் திரும்பும்போதே
எந்தப் பாறை என்று தெரிந்துவிட்டது.
புக்கிங் தாளில் பாறை ஓவியம், நடுகல், மதியச் சாப்பாடு
என்று மட்டும்தான் இருந்தது.
எங்கள் பக்கம் அதற்கு ஆடு படுத்த குண்டு என்று பெயர்.

பதினோரு பேர்.
சேலத்துப் பல் டாக்டர், ரிட்டயர்டு சர்வேயர், அவர் மனைவி,
எல்லாரையும் கூட்டி வந்த கனகதுர்கா மேடம்,
பாட்டில் தண்ணீரைக் காலி செய்வதே வேலையாக ஒரு சிறுமி.
டிரைவரும் வாங்க, பார்த்திருக்க மாட்டீங்க, என்றார்கள்.
வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்றேன்.
குரங்கு ஓட்டிட்டா போகும், என்றார் சர்வேயர்.
ஏறினேன்.

உண்ணிச்செடி இருபக்கமும் கீறியது.
மேடத்துக்கு முன்னால் கால் போய்விடக் கூடாதென்று
இரண்டு முறை நின்று
கல்லே இல்லாத செருப்பைக் கழற்றி உதறினேன்.

குகை என்றால் குகை இல்லை.
மழைக்கு முதுகைக் காட்டி நிற்கும் குண்டு,
அதன் வயிற்றடியில்
நாலு பேர் குனிந்து உட்காரும் நிழல்.
வெள்ளையில் ஓர் ஆள்,
குதிரையா எருதா தெரியாத ஒன்றின்மேல்,
கையில் கோலோ வேலோ.
விரலால் தீற்றியது, என்றார் மேடம். வெள்ளைக் களிமண்.
ஈராயிரம் வருஷம் இருக்கும், மூவாயிரமும் இருக்கலாம்,
சரியாகச் சொல்ல ஆளில்லை.

அவன் காலடிக்கு ஒரு சாண் தள்ளி,
கையகல எழுத்தில், சிவப்பில்,
முனிரத்தினம் நாகவேணி.

எவனோ ஒரு நாய், என்றார் பல் டாக்டர்.
தின்னர் போட்டுத் துடைக்கலாமே, என்றார் சர்வேயர் மனைவி.
துடைத்தால் வெள்ளையும் சேர்ந்து வரும்,
இது இனி இப்படித்தான், என்றார் மேடம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது.
குவாரியில், வெடி வைக்க வேண்டிய இடத்தில்
சிவப்பு வட்டம் போடும் வேலை.
டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.
நான் வட்டம் போட்ட பாறை ஒன்றுகூட இன்று இல்லை;
எந்தெந்த ஊர்ச் சமையல் மேடையிலோ
பளபளவென்று படுத்துக் கிடக்கின்றன.
பேர் எழுதியது மட்டும் நிற்கிறது.
வெள்ளை ஆளை அன்று நான் பார்க்கவேயில்லை,
காக்கை எச்சம் என்று நினைத்திருப்பேன்.
நாகவேணிக்கும் தெரியாது.
மாலூர்ப் பக்கம் கொடுத்துவிட்டார்கள்,
இந்தக் குன்றில் அவள் கால் பட்டதேயில்லை.

மதியம், கேழ்வரகுக் கொல்லை நடுவே நடுகல்.
ஊர் அதை வேடியப்பன் என்கிறது,
சுண்ணாம்பு அடித்து, பொட்டு வைத்திருக்கிறது.
சிறுமி முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சாய்த்துக் கொடுக்க
மேடம் மண்டியிட்டு எழுத்துக் கூட்டினார்:
தொறு மீட்டு... பட்டான்...
கன்று காலிகளை மீட்கப் போய்ச் செத்தவன்.
பேர் இருந்த இடத்தில் கல் பொரிந்துவிட்டது.
பாவம், பேரு போச்சே, என்றாள் சிறுமி.
சட்டென்று என் பக்கம் திரும்பி,
உங்க பேரு என்ன, டிரைவர் அங்கிள்?
ரத்தினம், என்றேன்.
பொய் இல்லை. பாதி.

ராத்திரி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு
மேடத்திடம் ட்ரிப் ஷீட்டை நீட்டினேன்.
புறப்பட்ட கிலோமீட்டர், வந்த கிலோமீட்டர், டோல்.
ஓட்டுநர் பேரை முழுசாக எழுத வேண்டும், ஓனர் கண்டிப்பு.
நான் எழுதினால் அந்த 'த்தி' வலப்பக்கம் சாயும்,
பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்கியும் நிமிராத எழுத்து.

கையெழுத்துப் போட வந்த பேனா நின்றது.
பொரிந்த கல்லைப் படித்த அதே கண்.
பஸ் ஒன்று ஓசூர் ஓசூர் என்று கத்திக்கொண்டு கிளம்பியது.

எந்த வருஷம், என்றார்.

ரெண்டாயிரத்து மூணு. மாசி.

போட வேண்டிய கையெழுத்தைப் போட்டார்.
பிறகு தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து,
காலையில் எழுதிய பக்கத்தைத் தேடி,
அதையும் குறித்துக்கொண்டார்.