கெட்டி

ஸ்லைடு எண் 2217.
தேசம்மா, நாற்பத்தாறு, நாகூரார் தோட்டம்.
இடது மார்பு. கொட்டைப்பாக்கு அளவு.

ஊசி குத்தின அன்றைக்கே கேட்டாள்:
"உள்ள என்னாமா, கல்லு மாதிரி கீது?"
ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி வந்த வீக்கம் என்றே
ஆறு மாசம் நினைத்திருக்கிறாள்.

விரலில் தட்டுப்படுகிற அந்தக் கெட்டி
செல் இல்லை அக்கா.
தனியாக எடுத்தால் புற்றுச் செல் கஞ்சிச் சோறு,
மெத்தென்று நசுங்கும்.
கெட்டியானது அதைச் சுற்றியிருக்கிற நார்.

நீலச் சாயம் ஏறினால் கொலாஜன் தெரியும்.
நல்ல மார்பில் அது
எண்ணெய் காணாத பிள்ளைத் தலை, சுருள் சுருளாக.
இங்கே யாரோ படிய வாரியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு நாரும் விறைத்து
கட்டியின் ஓரத்திலிருந்து நேராக வெளியே.
அதைப் பிடித்துக்கொண்டு சிவப்பாய்
ஒன்றன் பின் ஒன்றாக அவை.

ராத்திரி பதினொன்றுக்கு
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நிற்குமே,
அப்படி.
ரோடு போட்டால் லாரி வரத்தான் செய்யும்.

படிக்கும்போது செல்தான் குற்றவாளி.
கட்டு மீறியது, வேலியை அறுத்தது, ஓடியது.
ஓடும்போது காலடியில் என்ன இருந்தது
என்று ஒரு மார்க்குக்கும் கேட்டதில்லை.
வேலி லாமினின். அறுக்கக் கத்தி கொடுத்தது
பக்கத்து வீட்டு நல்ல செல்லாகவும் இருக்கலாம்.
நுரையீரலிலோ, விருந்தாளி கிளம்புமுன்பே
ஃபைப்ரோனெக்டின் பாய் விரித்துவிடும்.

தம்பி மோசஸ் போன வாரம் கிண்டியில் இன்டர்வியூ போனான்.
"வியாசர்பாடியா?"
ஃபைலை மூடிவிட்டார்கள்.
அவனிடம் தரையை மட்டும் பார்த்தார்கள்.
செல்லிடம் தரையைத் தவிர எல்லாம் பார்க்கிறோம்.
இரண்டையும் சேர்த்துப் பேசக்கூடாது, தெரியும்.
லென்ஸில் கண் வைத்திருக்கும்போது
எது எதனோடு சேரும் என்று யாரைக் கேட்பது?

படிவத்தில் அளவு உண்டு, தரம் உண்டு,
நிணநீர் முடிச்சு எத்தனை என்று உண்டு.
தரைக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நார் நேராக இருக்கிறது, மேடம் பார்க்கவும்.
மேடம் பார்த்தார். பென்சிலை அழிக்கவில்லை.
பேனாவாலும் எழுதவில்லை.

கவுன்டரில் தேசம்மா.
விடியற்காலை ஏலம் முடித்து நேரே வந்திருக்கிறாள்,
முந்தானையில் சங்கரா செதில் இரண்டு.
கவரை நீட்டினேன். பிரிக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
அவளே எனக்குச் சொன்னாள்:

"பயப்படாதம்மா.
நான் கெட்டி."